குழாய் சார் வீடு பார்க்கிறார்

வீடு தேடுகிறவர் வேறு, வீடு பார்க்கிறவர் வேறு. முன்னவருக்கு வீடு கிடைத்ததும் வேலை முடிந்துவிடும். பின்னவருக்கு வீடு கிடைத்துவிட்டால் பொழுதே போகாது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைப் பையில் டார்ச் லைட்டோடு கிளம்புகிறாரே, அவரேதான்.

நம் ஆள் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கர். புறநகர் வீட்டுத் தரகர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'குழாய் சார்'. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒன்று விடாமல் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்து, ஜன்னல் கொக்கியை ஆட்டி, அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து, மேல்வீட்டில் யாராவது நடந்தால் சத்தம் கேட்குமா என்று கொஞ்ச நேரம் மூச்சை அடக்கி நின்று, கடைசியில் மனைவி பக்கம் திரும்பி, வீட்டுக்காரர் காதில் விழும்படி ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு அந்த மந்திரம்: "இன்னும் ஒண்ணு பார்த்துடலாம்."

இத்தனைக்கும் அவசரம் தலைக்கு மேல். இருக்கும் வீட்டுக்கு வீட்டுக்காரரின் மகளே குடிவருகிறாள். மாசக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மனைவி பாதிச் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிவிட்டாள். ஒரு கரண்டி வேண்டுமென்றாலும் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

அப்போதுதான் அந்த வீடு வந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடி, கைக்கு எட்டுகிற வாடகை. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். சமையலறையில் பெரிய ஜன்னல். கல்யாணமான நாளிலிருந்து இருட்டுச் சமையலறையிலேயே வெந்துகொண்டிருந்த மனைவி, அந்த ஜன்னல் முன்னால் போய் நின்றதும் சிரித்தேவிட்டாள்.

சிரிக்கலாமா? அதுவும் வீட்டுக்காரம்மா எதிரில்? குழாய் சார் பதறிப்போனார்.

"பிடிச்சிருக்குன்னு காட்டிக்காத. அப்புறம் வாடகை இறங்காது" என்று அவள் காதைக் கடித்துவிட்டு நர்ஸம்மா பக்கம் திரும்பினார். "குழாய் சொட்டுதுங்க. பாத்ரூம் கதவு பிடிக்குது. ஹால் சுவர்ல ஓதம். சுவிட்ச் எல்லாம் ஆடுது. இதுக்குப் போய் இவ்வளவு வாடகையா?"

நர்ஸம்மா கோபப்படவில்லை. "சரியாச் சொன்னீங்க சார். இன்னும் ஏதாவது இருக்கா?"

இருக்காதா பின்னே? டார்ச்சை அடித்து மூலைமுடுக்கெல்லாம் துழாவி, இன்னும் நாலைந்து சொன்னார்.

"ஏங்க, இதையே முடிச்சிடலாங்க" என்று படியிறங்கும்போது மனைவி கெஞ்சினாள்.

"நீ சும்மா இரு. ஒரு வாரம் ஆறப்போட்டா அந்தம்மா தானா இறங்கி வரும்."

அந்த ஒரு வாரத்தில் அவர் குழாய் திறக்காத வீடு அந்த வட்டாரத்திலேயே இல்லை. நர்ஸம்மாதான் இறங்கி வரவில்லை. மாசம் முடியப்போகிறது என்றதும், ஏதோ அந்தப் பக்கமாக வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு மனைவியோடு போய் நின்றார். குழாய் சொட்டவில்லை. கதவு பிடிக்கவில்லை. சுவரில் புதுப் பெயிண்ட், சுவிட்செல்லாம் புதுசு. எல்லாவற்றையும் திறந்து, மூடி, தட்டி, மோந்து பார்த்தார். சொல்வதற்கு ஒரு குறை கிடைக்கவில்லை. மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"நீங்க சொன்னதெல்லாம் சரி பண்ணிட்டேன் சார்" என்றார் நர்ஸம்மா. "அதுக்கேத்த மாதிரி வாடகையையும் சரி பண்ணிட்டேன்."

குழாய் சார் மனைவி பக்கம் திரும்பினார். "இன்னும் ஒண்ணு..."

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்றாள் மனைவி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் இங்கயே இருக்கேன். எல்லாத்தையும் பார்த்து முடிச்சதும் வந்து சேருங்க." கைப்பையிலிருந்து அட்வான்ஸை எடுத்து நர்ஸம்மா கையில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறக்கப் போய்விட்டாள்.

இன்று குழாய் சார் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறார். "குடிவர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சரி பண்ண வெச்சுட்டேன்ல!" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு. அது யார் பணத்தில் என்று மனைவி சொல்வதில்லை. சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச் மட்டும் இன்னமும் வெளியே போய்வருகிறது. சும்மாதான், பக்கத்துத் தெருவில் 'வாடகைக்கு' என்று ஒரு போர்டு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் மறைக்காமல் ஒன்று சொல்லுங்கள்: ரயில் நிலையத்துக்குப் பின்னால் என்று படித்தபோதே, 'ரயில் சத்தம் கேக்குமே' என்று உங்கள் மனசு முணுமுணுத்ததா இல்லையா?

அப்படியானால், டார்ச்சை எங்கே வைத்திருக்கிறீர்கள்?