ஐயரம்மா வெட்டிய எலுமிச்சம்பழம்

மந்திரவாதி சங்கிலிபூதத்தான் எலுமிச்சம்பழத்தை வெட்டினால் ரத்தம் வருமாம்! 1909 ஆடி மாசம், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே இதுதான் பேச்சு. பிள்ளை அழுதால் அவனிடம் ஓடு. மாடு கறக்காவிட்டால் அவனிடம் ஓடு.

தேவாலயத்தில் ஈ ஓட்டிய போதகர் வேதநாயகம், தினசரிக் குறிப்பில் எழுதினார்: "மேல்காற்று பலம். ஆராதனைக்கு ஆள் குறைவு. சபையாருக்குக் காய்ச்சல். ஜெபித்தேன்."

எட்டிப் பார்த்த மனைவி ஹெப்சிபா, போதகரை 'ஐயர்' என்று கூப்பிடும் ஊருக்கு ஐயரம்மா, சிரித்துவிட்டாள். "காய்ச்சக்காரங்க பூராவும் மந்திரவாதி வாசல்ல நிக்காங்க. அங்கன போய் ஜெபிங்க!"

மறுநாள் அந்தச் சிரிப்பு நின்றது. ராத்திரிக் காற்றில் ஊர் வாழையெல்லாம் சாய்ந்திருந்தது. தனியாளாகத் தோட்டம் பார்க்கும் சுடலைவடிவின் வாழை மட்டும் நின்றது. அவள் மரத்துக்கு மரம் முட்டுக்கம்பு கொடுத்திருந்தாள். மற்றவர்கள் சங்கிலிபூதத்தான் மந்திரித்த கயிறு கட்டியிருந்தார்கள். ஊர் மூளையைக் கசக்கி ஒரு முடிவுக்கு வந்தது: சுடலைவடிவு சூனியக்காரி! அவள் பேருக்குப் பழம் ரத்தம் விட்டால், அன்றைக்கே ஊரைவிட்டுப் போகவேண்டும்.

ஹெப்சிபா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மந்திரவாதி வாசலுக்குப் போனாள்.

"சூனியம் வச்சது ஐயம்பெருமாளா?" ஊரார் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சங்கிலிபூதத்தான் வெட்டினான். வெறும் சாறு. "பிரம்மநாயகியா?" வெறும் சாறு. கத்தியைத் துணியில் சுருட்டிவிட்டு வேறொன்றை எடுத்தான். "சுடலைவடிவா?"

"நில்லும்! எதுக்குக் கத்திய மாத்துதீரு?"

"இது அம்மன் கத்தி, தாயி."

"அப்ப முதல்ல உம்ம பேருக்கு ஒண்ணு." கத்தியைப் பிடுங்கினாள். "சூனியம் வச்சது சங்கிலிபூதத்தானா?"

வெட்டினாள். குபுக்கென்று சிவப்பு!

"ஏலே, இவன்தாம்லே சூனியக்காரன்! பிடிங்கலே!" கூட்டம் பாய்ந்தது.

"அட அறிவுக் கொழுந்துகளா, பைய!" ஹெப்சிபா தலையில் அடித்துக்கொண்டாள். "எம் பேருக்கும் வரும், பாருங்க." வந்தது. கத்தியை நன்றாகக் கழுவித் துடைத்து இன்னொன்றை வெட்டினாள். வெறும் சாறு. "செம்பருத்திச் சாறு பூசிக் காயவச்ச கத்தி. புளிப்பு பட்டா செவக்கும், சர்பத்து போடயில பாத்திருக்கேன். சூனியமுமில்ல, சுண்டைக்காயுமில்ல!"

சங்கிலிபூதத்தானைத் தேடினார்கள். எலுமிச்சம்பழக் கூடையை விட்டுவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் பறந்துகொண்டிருந்தான்.

சுடலைவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள். "பழம் வீணாகுது ஐயரம்மா. ஊறுகா போட்டிருவமா?"

அன்று சாயங்காலம் போதகர் எழுதினார்: "சபையாருக்குக் காய்ச்சல் தீர்ந்தது."

"எங்கன தீர்ந்துச்சு? நாளைக்கே இன்னொருத்தன் தேங்காயத் தூக்கிட்டு வருவான், இவங்களும் பின்னாலயே போவாங்க," என்றாள் ஹெப்சிபா. "ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்லுங்க: பழத்தப் பாத்து வாயப் பொளந்தது போதும், கத்தியப் பாருங்க!"