எதுக்கு பாயும் பஜ்ஜி சுற்றிய காகிதமும்

பழவேற்காடு ஏரியில் வலையே இல்லாமல் மீன் பிடித்துவிடலாம். எதுக்கு பாயிடமிருந்து ஒரு போன் நம்பரை வாங்கிவிட முடியாது.

படகு இன்ஜின் மெக்கானிக். யார் என்ன விவரம் கேட்டாலும் "எதுக்கு?" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

பொன்னேரி ஜவுளிக்கடையில் ஒரு தடவை கைலி வாங்கினார். பில் போடும் பெண், "சார், மொபைல் நம்பர்?" என்றாள்.

"எதுக்கு?"

"ஆஃபர் வந்தா சொல்லுவோம் சார்."

"கைலி கிழிஞ்சா நானே வர்றேன்மா. அது வரைக்கும் நமக்குள்ள இன்னா பேச்சு?"

வரிசை வாசலைத் தாண்டியது. கடைசியில் மேனேஜர் தன் நம்பரையே போட்டு அவரை அனுப்பிவைத்தார்.

அப்போது நான் பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். சரியாக விழாத ஆதார் நகல்களைக் கட்டுக் கட்டாகப் பக்கத்து பஜ்ஜிக் கடைக்குக் கொடுத்துவிடுவேன். எண்ணெய் உறிஞ்ச அதுபோல் காகிதம் கிடையாது என்று பஜ்ஜிக்காரர் பாராட்டுவார்.

ஒரு நாள் பாய் வாங்கிய வாழைக்காய் பஜ்ஜிக்கு அடியில் இறால் விற்கும் கன்னியம்மாவின் முகம்! முகவரி, பிறந்த தேதி எல்லாம் பக்கத்திலேயே. அந்த வாரம்தான் போலீஸ் அவளைத் தேடி வந்திருந்தது. அவள் பெயரில் யாரோ சிம் வாங்கி, ஊரெல்லாம் போன் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள்.

"எனக்குப் பச்சை பட்டனை அமுக்கத்தான் தெரியும் பாய். நான் யாரை ஏமாத்துவேன்?" என்று அழுதாள்.

பாய் அந்தக் காகிதத்தோடு அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், "பஜ்ஜிக்கே இது கெடைக்குதுன்னா சிம் வாங்கறவனுக்குக் கெடைக்காதா சார்?" என்றார். இன்ஸ்பெக்டர் எண்ணெய்க் கறையை முகர்ந்து பார்த்தார். இரண்டு வாரம் விசாரித்து, அவள் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொடுத்தார்.

பாய் அதோடு விடவில்லை. அடுத்து நடந்த கிராம சபைக்கு வந்தார். வருகைப் பதிவேட்டில் போன் நம்பருக்கு ஒரு கட்டம்.

"எதுக்கு?"

கிளார்க் தலைவரம்மாவைப் பார்த்தார். தலைவரம்மா கிளார்க்கைப் பார்த்தார். அன்று அந்தக் கட்டத்தை ஒருவரும் நிரப்பவில்லை.

பிறகு பாய் பஜ்ஜிக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். "நம்ம வெவரத்தைக் கேக்கற கடைக்காரன் காரணம் சொல்லணும். வேலை முடிஞ்சா கிழிச்சுப் போடணும். தீர்மானம் போடுங்கம்மா!"

"அது எந்தக் கடை ஜெராக்ஸ்னு சொல்லு பாய்!" கூட்டம் கத்தியது.

ஊரில் மூன்று ஜெராக்ஸ் கடைகள். நகலின் ஓரத்தில் கறுப்புக் கோடு போடுவது என் மெஷின் மட்டும்தான். அதை மூன்று முறை ரிப்பேர் செய்தவர் பாய். நான் நாற்காலிக்குள் சுருங்கினேன்.

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "அது அந்தக் கடைக்காரரோட சொந்த வெவரம். உங்களுக்கு எதுக்கு?" என்றார்.

தீர்மானம் நிறைவேறியது. எல்லாரையும்விட உயரமாகக் கை தூக்கியவன் நான்.

வெளியே வந்ததும் பாய் என்னை டீக்கடைக்குக் கூட்டிப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். டீ டம்ளரை உதடு வரை கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தேன்.

பாய் என் டம்ளரைப் பார்த்தார். "சூடா இருக்காபா? குடு, ஆத்தித் தரேன்" என்றார்.