சஸ்பெண்டு ஆன லேப்டாப்பும் முப்பத்திரண்டு புஞ்சையும்

காட்டுப்பன்றிகளுக்கு நான் செய்திருக்கும் உதவியை எங்கள் ஊர்ப்பக்கம் வேறு எந்த மனிதனும் செய்திருக்க மாட்டான். விரும்பிச் செய்ததில்லை. ஆனாலும் செய்தது நான்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு எங்கள் ஊரான பரளச்சியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு வாங்கிய லேப்டாப்பில் முதல் நாளே விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டிருந்தேன். போட்டதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. டீக்கடை, பஸ், இழவு வீடு என்று போகிற இடமெல்லாம் லினக்ஸின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். “வைரஸே வராது, தொங்கவே தொங்காது” என்று பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். (அவர் பாவம், “சரிங்க தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார்.)

அப்பா இறந்த பிறகு எங்கள் நிலத்தையும் சேர்த்துச் சித்தப்பாதான் உழுதுகொண்டிருந்தார். மொத்தம் ஏழு ஏக்கர், எல்லாம் வானம் பார்த்த கரிசல். அந்த வருடம் மழை ஒழுங்காகப் பெய்து மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாய்க் கருவேலங்காட்டிலிருந்து பன்றிகள் குட்டியும் தாயுமாக இறங்கின. தின்பது கொஞ்சம்தான். மீதியை உருண்டு புரண்டு பாயாக மடக்கிவிட்டுப் போய்விடும். ஊரில் முப்பத்திரண்டு பேருடைய புஞ்சை இப்படிப் போய்க்கொண்டிருந்தது.

நஷ்டஈடு கேட்டு இரண்டு தடவை அதிகாரிகளிடம் மனு எழுதிக் கொடுத்தோம். “எந்த நிலம், எவ்வளவு சேதம்னு படத்தோட கொண்டாங்க” என்றார்கள். நியாயமான கேள்விதான். சித்தப்பா பதினோரு நாள் ஒவ்வொரு புஞ்சையாக நடந்தார். ஒரு நோட்டில் சர்வே நம்பரும் ஆள் பெயரும் சேதமான அளவும் எழுதினார். நான் அவர் பின்னால் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்து படம் எடுத்தேன். பிறகு அதையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே சர்வே நம்பர் போட்டு, ஆறு நிமிடத்தில் ஒரு வீடியோ செய்தேன். பின்னணியில் சோகமான வயலின்கூடச் சேர்த்தேன்.

சித்தப்பா அதை மூன்று தடவை பார்த்தார். “நல்லாருக்குப்பா. இத வேற எதுலயாச்சும் ஒன்னு எடுத்து வச்சுக்கிருவமா?” என்றார்.

“எதுக்குச் சித்தப்பா? இது லினக்ஸு. ஒன்னும் ஆகாது.”

“இல்ல, பென் டிரைவு அது இதுன்னு சொல்றாகள்ல?”

“பென் டிரைவுல போட்டா எவனும் எடுத்துப் பாப்பான். இதுல ஹார்டு டிஸ்கையே பூட்டி வச்சிருக்கேன். என்னத் தவிர யாரும் திறக்க முடியாது.”

சித்தப்பா “சரிப்பா” என்றார். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற தலைமுறை. போனில் இடமில்லை என்று அதிலிருந்த படங்களையும் அன்றே அழித்துவிட்டேன். அருப்புக்கோட்டைக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது நோட்டைத் தேடி எடுத்துப் பையில் வைக்கப் போனவரையும் நான்தான் தடுத்தேன். எல்லாம் வீடியோவிலேயே இருக்கிறது, காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போனால் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கும் என்றேன்.

விவசாயிகள் குறைதீர் கூட்டம் அருப்புக்கோட்டையில் பதினோரு மணிக்கு. அன்று காலை ஏழு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தபோது மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறது, போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டது. ஃபர்ம்வேர் என்பது லினக்ஸுக்கும் அடியில், லேப்டாப்பின் உள்ளேயே இருக்கிற அடிப்படை நிரல். லேப்டாப் உயிர் பெறுவதே அதை வைத்துத்தான். அதில் கைவைப்பதற்கு ஊரில் எத்தனையோ நாள் இருந்தது. நானோ, விசேஷத்துக்குப் போகிற அன்றைக்கு முகச்சவரம் செய்துகொள்கிற மாதிரி நினைத்துக்கொண்டு சரி என்று அமுக்கினேன். கூடவே ஒரு பக்கத்துக்குக் குறிப்பு வந்தது. படிக்கவில்லை. லேப்டாப் அணைந்து கொஞ்ச நேரம் இருட்டாகக் கிடந்தது. நான் தோசை சாப்பிடப் போய்விட்டேன். வந்து பார்த்தபோது அழகாக எழுந்து நின்றது. வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். வயலின் அழுதது. திருப்தியோடு மூடியைச் சாத்திப் பைக்குள் வைத்தேன்.

மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கும், திறந்தால் எழுந்துகொள்ளும். இரண்டு வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் பை மடியில் இருந்தது. பாதி வழியில் தொடை சுட்டது. வெயில் என்று நினைத்தேன். (ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது சித்தப்பா. என் மேல் வெயிலே படவில்லை.)

எங்களோடு இன்னும் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ராமர் மாமா என்பவருக்குக் காது கொஞ்சம் மந்தம், வாய் மட்டும் கூர்மை. அவருடைய இரண்டு ஏக்கர்தான் ஊரிலேயே அதிகமாகச் சேதமாகியிருந்தது. வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து முன்னால் போனேன். புரொஜெக்டர் வயரைச் செருகினேன். கூட்டம் முழுக்க என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. கொஞ்சம் மெதுவாகவே, எல்லோரும் பார்க்கட்டும் என்று மூடியைத் திறந்தேன்.

திரை கறுப்பாக இருந்தது. உள்ளே விசிறி ஓடியது. விளக்கும் எரிந்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டினேன், எண்டரைத் தட்டினேன். மூடித் திறந்தேன். ஒன்றும் இல்லை.

“பரவாயில்ல, மெதுவாப் பாருங்க” என்றார் அதிகாரி. நடுவயதுக்காரர், பொறுமையானவர். அவர் கத்தியிருந்தால் எனக்குப் பிற்பாடு சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

“ஒன்னுமில்ல சார், சஸ்பெண்டு ஆயிருச்சு” என்றேன்.

ஓர் அரசாங்க அலுவலகத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியாது. ஓரத்தில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள்.

“யாரு சார் சஸ்பெண்டு?” என்றார் ஒருவர், முகம் வெளிறி.

“லேப்டாப்பு சார். சஸ்பெண்டுல இருந்து திரும்ப வர மாட்டேங்குது.”

“அதெல்லாம் விசாரண முடிஞ்சாத்தான் வரும்” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

பவர் பட்டனை விடாமல் அமுக்கி அணைத்தேன். மறுபடி போட்டேன். கறுப்பு. பதினைந்து எண்ணினேன். கறுப்புதான். அணைத்தேன், போட்டேன், எண்ணினேன். இப்படி ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

கடைசியில் கேட்டார். “தம்பி, வேற காப்பி இருக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ராமர் மாமா எழுந்துவிட்டார். “காப்பியெல்லாம் வேணாங்கய்யா. குடிச்சிட்டுத்தான் வந்தோம். பன்னிக்கு ஒரு வழி சொல்லுங்க.”

அந்தச் சிரிப்பு நிற்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் ராமர் மாமா இஸ்திரிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு சர்வே நம்பர்களை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். நம்பர், ஆள், எத்தனை செண்டு போச்சு. ஒருவர் எழுதிக்கொண்டார். பத்தொன்பது வரை சொன்னார். இருபதாவது வரவில்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை பதினாறிலேயே குழம்பியது. கரும்பலகை முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி மேலே பார்த்தார், உதட்டை ஈரம் பண்ணினார். ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிறவர் அவர்.

“எல்லாம் நோட்டுல இருக்குங்கய்யா” என்றார்.

“நோட்டக் கொண்டு வரலையா?”

சித்தப்பா என்னைப் பார்க்கவே இல்லை. “மறந்துட்டேங்கய்யா” என்றார்.

இத்தனை வருடத்தில் என்னை யாரும் திட்டிய எந்தத் திட்டும் அந்த ஒரு வார்த்தை அளவுக்கு உறைத்ததில்லை.

“அடுத்த கூட்டத்துக்கு முழுசாக் கொண்டாங்க. நானே ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்றேன்” என்றார் அதிகாரி. அடுத்த ஊரைக் கூப்பிட்டார்கள். நான் லேப்டாப்பை அப்படியே மூடிப் பைக்குள் திணித்தேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்து டீ சொன்னோம். பைக்குள்ளிருந்து சின்னதாக ஓர் இரைச்சல் வந்தது. எடுத்துத் திறந்தேன். திரை பளிச்சென்று எரிந்தது. டிஸ்கைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டு, எதுவுமே நடக்காத மாதிரி காத்துக்கொண்டிருந்தது. போட்டேன். நிமிடத்தில் எழுந்தது. வீடியோவைத் தட்டினேன். டீக்கடை வாசலில் வயலின் அழுதது.

“வா, திரும்பிப் போவோம்” என்று சித்தப்பா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். பத்துப் பேரும் வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். லேப்டாப்பை மூடப் பயந்து, திறந்தபடியே தாம்பாளம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நான் முன்னால் போனேன். ரோட்டில் போனவர்கள் விலகி வழிவிட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அதிகாரியின் வண்டி கிளம்பிப் போயிருந்தது. ராமர் மாமா ஒரு நாற்காலியை உருவிப் போட்டு உட்கார்ந்தார். “சரி, வந்ததுக்கு நாமளாச்சும் பாப்போம்” என்றார். பார்த்தோம். அவருடைய புஞ்சை வந்ததும், “என்னுது நல்லா விழுந்திருக்கு” என்றார்.

மறுநாள் மத்தியானம் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு விசாரணையில் இறங்கினேன். லேப்டாப் தனக்கு நடப்பதையெல்லாம் உள்ளே ஒரு பதிவில் வரி வரியாக எழுதி வைக்கும். கூட்டத்தன்று காலைப் பதிவை எடுத்தேன். கடைசி வரி, தூங்கப் போகிறேன் என்றது. எழுந்தேன் என்கிற வரி இல்லை. அதற்கு முந்தைய நாட்களின் பதிவில் இரண்டும் ஜோடி ஜோடியாக இருந்தன. இன்னும் உற்றுப் பார்த்தபோது தூக்கத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் அது ஆழ்ந்து தூங்கியிருக்கிறது. அன்று அரைத்தூக்கம். அந்த அரைத்தூக்கம் என் லேப்டாப்புக்கு ஒத்துக்கொள்ளாது. பாதி வழியில் அப்படியே உறைந்து, எழவும் முடியாமல் அணையவும் முடியாமல் பஸ்ஸில் என் தொடையைச் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

எந்தத் தூக்கம் வேண்டும் என்பதை ஃபர்ம்வேரின் செட்டிங்கில் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று. வாங்கிய அன்று நானே அதை லினக்ஸுக்கு மாற்றியிருக்கிறேன். மாற்றியதை மறந்தும் இருக்கிறேன். புது ஃபர்ம்வேர் எல்லாவற்றையும் பழையபடி விண்டோஸுக்குத் திருப்பிவிட்டது. கூட்டத்தன்று காலையில் வந்த குறிப்பின் கடைசி வரியில் அது எழுதியிருந்தது.

அந்த ஆறு தடவை? அது இன்னும் கேவலம். ஃபர்ம்வேர் மாறிய புதிதில் வலுக்கட்டாயமாக அணைத்தால், அடுத்த தடவை இயங்கும்போது மெமரியை ஆதியிலிருந்து சோதித்துக்கொண்டு வருமாம். அதுவரைக்கும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். மூன்று நான்கு நிமிடம் சும்மா நின்றிருந்தால் போதும். நான் பதினைந்து வரை எண்ணி, எண்ணி, அது எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் தலையில் தட்டி உட்கார வைத்திருக்கிறேன். பைக்குள் போட்டு என் கைக்கு எட்டாமல் வைத்த பிறகுதான் அதற்கு விமோசனம் கிடைத்திருக்கிறது.

செட்டிங்கை மாற்றினேன். இருபது தடவை மூடித் திறந்தேன். இருபது தடவையும் எழுந்தது. சரிசெய்ய ஆன நேரம் நான்கு நிமிடம்.

அடுத்த கூட்டம் ஒரு மாதம் கழித்து. அதற்குள் நின்ற மக்காச்சோளத்தையும் பன்றிகள் முடித்துவிட்டன. மிஞ்சிய சோளத்தட்டையை மாட்டுக்கு அறுத்துவிட்டு எல்லோரும் உழுதுவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் வீடியோ ஓடியது. அதிகாரி சொன்னபடியே ஆள் அனுப்பினார். வந்தவர்கள் பார்த்தது உழுத மண்ணை; நஷ்டஈடு யாருக்கும் வரவில்லை. அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறு வருடம் சித்தப்பா விதைக்கவில்லை. இனி பன்றியோடு மல்லுக்கட்ட முடியாது என்று பாளையம்பட்டியில் ஒரு தீவனக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் வருகிறார். ஏழு ஏக்கரிலும் இப்போது கருவேலம்தான் நிற்கிறது. பன்றிகளுக்குக் கண்மாய் வரை போகிற அலைச்சல் மிச்சம். சித்தப்பா ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

ஆனால் சித்தி பேசுவார். நான் எப்போது அவர்கள் வீட்டுக்குப் போனாலும் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைப்பார். முதல் தடவை, இன்னொன்று யாருக்கு என்று வெகுளியாகக் கேட்டேன்.

“ஒனக்குத்தான். ஒரு காப்பி எந்திரிக்கலன்னா இன்னொன்னு இருக்கட்டும்ல.”

வீடே சிரிக்கும். இப்போது சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போன வீட்டிலும் இரண்டு டம்ளர் வந்தது. யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்தான் இப்போது என் மனைவி. அவளும் இரண்டுதான் வைக்கிறாள். சித்தி வீட்டில் டம்ளர்கள் வரும் நேரத்தில் சித்தப்பா மட்டும் கடைக்குப் போகிற பஸ் வந்துவிட்டதா என்று வாசலுக்கு எழுந்து போய்விடுவார். நான் சித்தி பார்க்க இரண்டு டம்ளரையும் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.