ஆடியிலேயே பனி என்றால் மார்கழியில்?

அன்பு மாப்பிள்ளை பாலாஜி அவர்களுக்கு,

வேங்கிக்காலிலிருந்து மாமனார் பலராமன். அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே எல்லாம் சௌக்கியம், என் இடுப்பும் ஃப்ரிட்ஜும் நீங்கலாக. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய். ஃப்ரீஸரில் ஐஸ் சுரண்டும்போது பின்னால் சாய்ந்து, இட்லி மாவுக் குண்டானில் உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் நம்ம கவிநிலாதான். ஆடி மாதம் கான்பெராவிலிருந்து போனில், "அப்பா, காரு கண்ணாடியில ஐஸ் ஒட்டிக்கினு இருக்குது, சொரண்டிட்டுத்தான் வேலைக்கே போறோம்"னு சொன்னாள். ஆடியிலேயே இந்தக் கதி என்றால் மார்கழியில் என்ன ஆகும்? அந்த மார்கழியில்தானே அவள் வயிற்றுப் பிள்ளையோடு, தை மாச வளைகாப்புக்காகத் தனியாக விமானம் ஏறுகிறாள்! அன்று போன தூக்கம் இன்னும் வரவில்லை. சும்மா இராமல் வீடியோ வேறு பார்த்துத் தொலைத்தேன். இறக்கை மேல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று கொஞ்சம் பனி படிந்தாலே போதுமாம், காற்று தூக்காதாம், ஓடுபாதையில் ஓடுமே தவிர எழும்பாதாம். சுடச்சுட ஒரு மருந்துத் தண்ணீரால் விமானத்துக்கு அபிஷேகம் செய்கிறார்கள். அதுவும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். பௌர்ணமிக் கூட்டம் மாதிரி முன்னால் நாலு விமானம் நின்றுவிட்டால் திரும்ப முதலிலிருந்து அபிஷேகம். எவனாவது "போதும், எடுப்பா"னு சொல்லிவிட்டால்?

ஐஸ் எவ்வளவு கெட்டியாக ஒட்டும் என்று பார்க்கத்தான் தோசைத்திருப்பியால் குத்தினேன். "புஸ்ஸ்"னு ஒரு சத்தம், கேஸ் மொத்தமும் போய்விட்டது. வந்து பார்த்த மெக்கானிக் மூர்த்தி, "என்னா சார், கடப்பாரை கெடைக்கலியா?"ன்னான். எதிர்வீட்டுத் திருமலை இருக்கிறாரே, பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிற ஆசாமி, அவர் யோசனை: "றெக்கையில நெய் தடவச் சொல்லுங்க, ஒட்டாது." உங்கள் மாமியார் ராணியம்மாள்தான், "பொண்ணு ப்ளேன்ல வர்றதுக்கு என் ஃப்ரிட்ஜை ஏங்க கொன்னீங்க? போன் பண்ணி புள்ளத்தாச்சிய பயமுறுத்தினா சோறு கெடையாது"ன்னு சொல்லிவிட்டாள். அதனால்தான் திருட்டுத்தனமாக உங்கள் ஆபீஸ் மெயிலுக்கு அடிக்கிறேன்.

மாப்பிள்ளை, கெஞ்சிக் கேட்கிறேன். இறக்கை தெரிகிற ஜன்னல் சீட்டாக வாங்கிக் கொடுங்கள். வெள்ளையாக எது தெரிந்தாலும் எழுந்து கத்தச் சொல்லுங்கள், பக்கத்து சீட்டுக்காரன் என்ன நினைப்பானோ என்று வெட்கப்பட வேண்டாம். அபிஷேகம் ஆனதா என்று பைலட்டை நீங்களே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் பெண் இருக்கும். அவள் பத்திரமாக மேலே எழும்பினால், இந்த இடுப்போடு வெறுங்காலில் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு நீண்ட ஆயுளும் அவளுக்குத் துடைத்த இறக்கையும் அமையட்டும்.

பயத்தோடும் ஆசியோடும்,
பலராமன்

பி.கு.: முதுகுக்குப் பின்னால் நின்று உங்கள் மாமியார் முழுக்கப் படித்துவிட்டாள். உடனே கவிநிலாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "அய்யோ அப்பா, இங்க பருவமே தலைகீழ்ப்பா, ஆடிதான் குளுரு. மார்கழி வந்தா நல்ல வெயில்காலம், ஃபேன் பத்தாம ஏசி வாங்கினு இருக்கோம்"கிறாள். அடித்ததை அழிக்க மனமில்லை, அனுப்புகிறேன். கான்பெராவில் நேற்று முப்பத்தாறு டிகிரியாம். வேங்கிக்காலில் இருபத்தெட்டு.