அவலூர்பேட்டைக்குப் போன அமாவாசை வேன்

அன்புள்ள மாப்பிள்ளை நெடுமாறன் அவர்களுக்கு,

செஞ்சியிலிருந்து மாமனார் தனசேகரன் எழுதுவது. நானும் உங்கள் மாமியார் ஆண்டாளும் சுகம். உங்கள் அம்மா சுகமா என்பதை, அவர்கள் என்னோடு பேசத் தொடங்கியதும் எழுதுகிறேன்.

என் வேன் சர்வீசுக்கு நீங்கள் செய்து கொடுத்த செயலி பிரமாதம். ஊர்ப்பெயரைத் தட்டினால் போதும், டிரைவர் உஸ்மானுக்குத் தகவல் போய்விடுகிறது. குறை சொல்லவில்லை. போன அமாவாசையன்று காலையில் அதைப் புதுப்பிக்கச் சொன்னது. என்ன மாற்றம் என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 'சிறு மேம்பாடுகள்' என்று இருந்தது. சிறுசுதானே என்று அழுத்தினேன். அதுவரை பட்டியலில் முதலில் நின்ற மேல்மலையனூரை அகரவரிசைப்படி கீழே இறக்கி, அவலூர்பேட்டையை மேலே ஏற்றிவிட்டீர்கள் என்று எனக்கெப்படித் தெரியும்? மத்தியானம் வண்டி கிளம்பும்போது கை பழக்கத்தில் முதல் பெயரைத் தட்டிவிட்டது. உங்கள் பதவி உயர்வுக்காக மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்த உங்கள் அம்மா, மடியில் எலுமிச்சை மாலையோடு முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்டார்கள். சாயங்காலம் உஸ்மான் போன் செய்தான்.

"அண்ணே, வந்துட்டோம். ஆனா எல்லாரும் கோயிலு எங்கன்னு கேக்குறாங்க. இங்க கத்திரிக்கா மண்டிதான் இருக்குது."

"இன்னாடா சொல்ற? எந்த ஊர்ல நிக்கிற?"

"அவலூர்பேட்டதாண்ணே. போன்ல அப்படித்தான வந்துச்சு?"

"அமாவாசைக்கு அங்க இன்னாடா வேல?"

"எதனா கல்யாணம்னு நெனச்சேன்."

பின்னாலிருந்து உங்கள் அம்மாவின் குரல் கேட்டது: "எம் புள்ள முன்னுக்கு வர்றது சம்மந்திக்குப் புடிக்கல!"

வண்டியைத் திருப்பி, மேல்மலையனூர் கூட்டத்தில் நசுங்கி, அம்மனைத் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள். மாலையைச் சாத்த முடியவில்லையாம். அன்றிலிருந்து என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆண்டாளும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டாள். எனக்கு வருத்தம்தான், கோபமில்லை.

ஆகவே மாப்பிள்ளை, இனி 'ஊர்ப்பெயர்கள் இடம் மாறியுள்ளன, பார்த்து அழுத்தவும்' என்பதுபோல விளங்கும்படி எழுதுங்கள். எது மாறியது, அதனால் நாங்கள் என்ன செய்ய வேண்டும், அவ்வளவு போதும். ஒரு வரி கூடுதலாக எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்? அப்படியே உங்கள் அம்மாவிடமும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

என் மகள் மணிமொழிக்கும் பேத்திக்கும் ஆசீர்வாதம். அங்காளம்மன் உங்கள் எல்லோரையும் சரியான ஊரில் இறக்கிவிடட்டும்.

இப்படிக்கு,
தனசேகரன்

பி.கு.: போனில் நான் புலம்பியதை மணிமொழி முந்திக்கொண்டு உங்களிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. இதை உறையில் போடுவதற்குள் அடுத்த புதுப்பிப்பு வந்துவிட்டது. விளக்கம் அருமையாக எழுதியிருக்கிறீர்கள்; விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவையும் யார் படிப்பது? அழுத்திவிட்டேன். இப்போது பட்டியலில் ஒரு ஊரும் இல்லை. என்ன மாற்றினீர்கள் என்று போன் செய்து சுருக்கமாகச் சொல்லவும்.