பதின்மூன்றாம் பொத்தானுக்கு ஒரு சாட்சி

மதிப்பிற்கும் கொஞ்சம் பயத்திற்கும் உரிய அக்கா வெர்னீஸுக்கு, நியூயார்க் பிராங்ஸிலிருந்து தம்பி எல்வுட் பிட்மன் பணிவுடன் எழுதுவது. இங்கே என் முழங்கால்கள் நீங்கலாக எல்லோரும் நலம். வட கரோலினாவில் உன் இரத்த அழுத்தமும், தேவாலயப் பாடகர் குழுவும், தக்காளிச் செடிகளும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய். அதைத் தாங்கும் தெம்பு எனக்கு இந்த வாரம் இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் தெரு நூலகத்தின் பக்கச் சுவரில், ஹிப்-ஹாப்பின் மறக்கப்பட்ட கலைஞர்களுக்காக ஓவியம் தீட்டுகிறார்கள். பேரும் புகழும் வாங்கியவர்களுக்கு அல்ல. பூங்கா விளக்குக் கம்பத்தைப் பிரித்து மின்சாரம் எடுத்து ஊரையே ஆட வைத்துவிட்டு, மறுநாள் காலை பஸ் டிப்போவுக்கு மெக்கானிக் வேலைக்குப் போன என்னைப் போன்றவர்களுக்கு. 1983-இல் நம் சமையலறை மேசையில் டிரம் மெஷினை வைத்து நான் உருவாக்கிய அந்தத் தாளம் உனக்கு மறந்திருக்காது. நான்தான் உருவாக்கினேன் என்பதும் மறந்திருக்காது. அதை உருவாக்கியவர் பெயர் சுவரில் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன். போனால் அங்கே எனக்கு முன்னால் டெல்ராய் ஹிக்ஸ் உட்கார்ந்திருக்கிறான். எதிர்த் தெரு டெல்ராயேதான். இன்னும் அதே குரல், பல் மட்டும் புதுசு. அந்தத் தாளம் தன்னுடையது என்கிறான்!

ஓவியக் குழுத் தலைவி மார்லீன் பௌல்ஸ் நல்ல பெண்தான், ஆனால் நூலகத்தில் வேலை பார்ப்பவள், எதற்கும் ஆதாரம் கேட்கிறாள். "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. இசைத்தட்டைக் கொண்டு வாங்க, லேபிள்ல யார் பேரு இருக்கோ அவங்க பேரு சுவத்துல வரும். அவ்ளோதான்" என்றாள். இங்கேதான் அக்கா என் தலையில் இடி விழுந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். எந்தத் தட்டிலிருந்து எந்தத் தாளத்தை எடுக்கிறோம் என்று எதிராளி எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, வாரா வாரம் குளியல் தொட்டியில் வெந்நீர் விட்டு, தட்டுகளை ஊறப் போட்டு, லேபிளை உரித்து எறிவோமே, நீகூட குளிக்க முடியாமல் கதவைத் தட்டிக் கத்துவாயே, அந்த வேகத்தில் இந்தத் தாளத்தைப் பதிந்து வெளியிட்ட நம்முடைய சொந்தத் தட்டையும் ஊறப் போட்டு உரித்துவிட்டேன். அது யாருடையது என்று டெல்ராய் கண்டுபிடிக்கக் கூடாது என்பது திட்டம். திட்டம் பலித்தது, நாற்பத்திரண்டு வருஷமாக யாருமே கண்டுபிடிக்கவில்லை. விற்காமல் கிடந்த மற்ற தட்டுகளெல்லாம் அடித்தளத்தில் குழாய் உடைந்தபோதே நாசமாகிவிட்டன.

ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன். டெல்ராயும் ஒன்றைக் கொண்டு வந்தான். அவனும் உரித்திருக்கிறான்! மேசைமேல் இரண்டு மொட்டைத் தட்டுகள். மார்லீன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள், மற்றதைத் திருப்பிப் பார்த்தாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"ஏன்யா, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நீங்களே கழுவிட்டு, யாருக்கும் தெரியலையேன்னு இப்ப என்கிட்ட வந்து அழறீங்களா?"

 ஐம்பது வருஷப் பகையில் முதல் தடவையாக நானும் டெல்ராயும் ஒரே பக்கம் உட்கார்ந்து திட்டு வாங்கினோம்.

அதோடு விட்டாளா? யாரிடமோ இரவல் வாங்கி அதே மாதிரி டிரம் மெஷின் ஒன்றைக் கொண்டு வந்து வைத்தாள். வரிசையாகப் பதினாறு பொத்தான்கள், ஒவ்வொன்றும் தாளத்தில் ஒரு இடம், அழுத்தினால் எரியும் குட்டி விளக்குகள். "உருவாக்கினவரு இதுல வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். முதலில் டெல்ராய் உட்கார்ந்தான். துணி துவைக்கும் மெஷினுக்குள் ஒற்றைச் செருப்பு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்தது நான். வெளிச்சம் சரியில்லை அக்கா, நாற்காலி உயரம், விரலில் வாதம், காலையில் சாப்பிட்ட மீன் வறுவல் வேறு நெஞ்சில் நிற்கிறது, எப்படி வரும்? "டேய் எல்வுட், அது தாளமா, இல்ல மாடிப்படியில யாராவது உருளறாங்களா?" என்றான் டெல்ராய்.

கடைசியில் மார்லீன் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "மிஸ்டர் பிட்மன், கைதட்டல் சத்தம் அஞ்சாவது பொத்தான்ல வருது. பதிமூணாவதுலயும் வரணும். இந்தப் பாட்டுல மட்டும் அந்த இடம் காலியா இருக்கு. அதனாலதான் ஆடறவங்களே அங்க கை தட்டுனாங்க, அதனாலதான் எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கு. ஏன் காலியா விட்டீங்க?" அது ஏழை மக்களின் மௌனம் என்றேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை. மூச்சு விட இடம் என்றேன். பேனா அசையவே இல்லை. அந்தப் பொத்தான் அன்றைக்கு ரிப்பேர் என்றேன். டெல்ராய் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

ஆகவே, இனி எல்லாம் உன் கையில். தாளம் உருவானபோது சமையலறையில் இருந்த ஒரே சாட்சி நீ. "என் தம்பி எல்வுட்தான் இந்தத் தாளத்தைச் செய்தான், என் கண்ணால் பார்த்தேன்" என்று உன் கையெழுத்தில் இரண்டு வரி எழுதி, கையெழுத்திட்டு, உடனே தபாலில் அனுப்பு. அறுபத்து நாலு வயதாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தவன் என்று மட்டும் என்னைச் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். எங்கேயாவது ஒரு சுவரில் என் பெயர் இருக்கட்டும் என்று ஆசையாக இருக்கிறது.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள், பாதிரியாருக்கு என் மரியாதைகள், தக்காளிக்கு மழை.

என்றும் உன் கீழ்ப்படிதலுள்ள,
எல்வுட்

பி.கு. மேலே எழுதியதில் எதையும் நம்பாதே, எதிலும் கையெழுத்துப் போடாதே. உறை தேடிக்கொண்டிருந்தபோது மார்லீன் போன் செய்தாள். டெல்ராய் விலகிக்கொண்டானாம், காதால் கேட்டுத் திருடினதுதான் என்று ஒப்புக்கொண்டானாம். "ஓவியர் ஏணியில நிக்கறாரு மிஸ்டர் பிட்மன், எழுத வேண்டிய பேரைச் சொல்லுங்க" என்றாள். என் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெர்னீஸ் பிட்மன் என்று வந்துவிட்டது.

"அது யாரு?"

"என் அக்கா. அவதான் செஞ்சா. பொம்பள பேரு லேபிள்ல வேணாம்னு கூட வாசிச்ச பசங்க சொன்னாங்க, இப்போதைக்கு என் பேரைப் போட்டுக்கறேன்னேன். அந்த 'இப்போதைக்கு' இன்னும் முடியல." பதின்மூன்றாம் பொத்தானையும் சொல்லிவிட்டேன். கீழ் வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிற இடம் அது, அவரே அடிக்கட்டும் என்று நீ விட்டாய் என்று. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். முதல் தடவையாகப் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா, கொஞ்சம் அழவும் செய்தேன்.

"சரி, அப்ப நீங்க என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"மெஷினை நாலு மாடி தூக்கிட்டு வந்தேன்" என்றேன்.

அதையும் எழுதுகிறார்களாம், உன் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில். சனிக்கிழமை திறப்பு விழா. வந்து சேர்.