பசும்பால் தீயணைப்பு வண்டி

ஒரு காட்டில் சடையப்பன் என்றொரு கரடி இருந்தது. கல்யாணமாகி, காதோர முடி நரைத்து, கரடிகள் சங்கத் தேர்தலில் நின்று டெபாசிட்டும் போன கரடி. அதற்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே பழக்கம், பொம்மை வண்டி சேர்ப்பது.

காட்டை ஒட்டிய மலைப்பாதையில் சுற்றுலா பஸ்கள் நிற்கும் வளைவு ஒன்று உண்டு. பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பொம்மைகளை, பெட்டி பிரிக்கும் முன்பே அங்குச்சாமி என்ற குரங்கு பிடுங்கி வந்துவிடும். சடையப்பன் தேனடை கொடுத்து அவற்றை வாங்கிக்கொள்ளும். கார், லாரி, ஆட்டோ, ரோடு ரோலர் எதுவானாலும் சரி, பிரிக்கவே பிரிக்காது. பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் கண்ணாடித்தாள் வழியாக வண்டியைப் பார்க்கும். பிறகு திரும்ப அடுக்கி வைக்கும். அதன் விளையாட்டு அவ்வளவுதான்.

இருப்பதிலேயே உசத்தி ஒரு சிவப்புத் தீயணைப்பு வண்டி. தொழிற்சாலையில் யாரோ தூக்கக் கலக்கத்தில் அதன் பக்கவாட்டில் ‘பசும்பால்’ என்ற ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள்.

“ஏங்க, தீப்பிடிச்ச வீட்டுல பாலையா ஊத்துவாங்க?” என்று கேட்டது மனைவி பொன்னுத்தாய்.

“அதுதான்டி அதோட அருமை. உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கும்.”

“உலகத்துல ஒண்ணு இருக்கிறதும் நம்ம குகையிலதான் இருக்கணுமா?”

பொன்னுத்தாயின் கோபத்தில் நியாயம் இருந்தது. வீட்டுத் தேனெல்லாம் குரங்கின் வாயில் போனது. குகையில் தரையிலிருந்து கூரை வரை பெட்டி. பொன்னுத்தாய் புரண்டு படுக்க வேண்டுமென்றால் எழுந்து வெளியே போய், திரும்பி நின்று, பின்பக்கமாக உள்ளே வரவேண்டும்.

இந்த நிலைமையில் அது மாசமாகவும் ஆயிற்று.

“ஒண்ணு உங்க வண்டி இருக்கணும், இல்ல என் பிள்ளை இருக்கணும். எது வேணும்னு சொல்லுங்க” என்றது ஒருநாள்.

சடையப்பன் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்தது. அதுதான் வினையாகப் போயிற்று. பொன்னுத்தாய் கிளம்பி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டது.

குகை முழுக்க வண்டி இருந்தும் சடையப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆட்டோவைப் பார்த்தாலும் அவள் முகம். ரோடு ரோலரைப் பார்த்தால் ரொம்பவே அவள் முகம். கடைசியில் அது மனநல ஆலோசகரைப் பார்க்கப் போனது. ஆலோசகர் ஒரு முயல், பெயர் நல்லசிவம். நல்ல கூட்டம். இலையில் டோக்கன் கொடுத்தார்கள். சடையப்பனுக்குப் பின்னால் நின்ற மலைப்பாம்பு, “பசியில்லாமலே முழுங்கிடறேன் டாக்டர்” என்று விசும்பிக்கொண்டிருந்தது. முயல் அடர்ந்த முள்புதருக்குள் உட்கார்ந்தபடிதான் ஆலோசனை சொல்லும். வருகிற வாடிக்கை அப்படி.

“கண்ணை மூடுங்க சார். சின்ன வயசுல உங்களுக்குப் பொம்மை இருந்ததா?” என்றது புதர்.

“ஒரே ஒரு மரக்கட்டை இருந்துச்சுங்க. எங்கண்ணன் பிடுங்கி ஆத்துல எறிஞ்சிட்டான்.”

“பாத்தீங்களா! அந்தக் குட்டிக் கரடி இன்னும் உங்களுக்குள்ள அழுதுட்டிருக்கு. பெட்டிக்குள்ள இருக்கிற பொம்மை கைதி சார். எல்லாத்தையும் பிரிச்சுக் குழந்தைங்களுக்குக் கொடுங்க. பொருளை விடுங்க, உறவு தானா வரும். அடுத்தவங்களை அனுப்புங்க. வேண்டாம், அந்தப் பாம்பு அங்கேயே நிக்கட்டும்!”

மறுநாள் காட்டில் இருந்த குட்டிகள் எல்லாம் குகை வாசலில் வந்து நின்றன. முதல் பெட்டியைக் கிழிக்கும்போது சடையப்பனுக்குத் தன் தோலையே உரிப்பது போலிருந்தது. பிறகு பழகிவிட்டது. பசும்பால் வண்டி ஒரு பன்றிக்குட்டிக்குப் போயிற்று. அது வண்டியைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டு, “மாமா, இது ஓடுது!” என்று கத்தியது.

சடையப்பன் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த வண்டி ஓடும் என்று அதற்கே தெரியாது. குனிந்து தானும் ஒரு தள்ளு தள்ளியது. சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

மத்தியானத்துக்குள் எல்லா வண்டியும் உடைந்துவிட்டது. பசும்பால் வண்டியின் மேல் பன்றிக்குட்டியின் அம்மா உட்கார்ந்துவிட்டது. பிறகு குட்டிகள் காலிப் பெட்டிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒன்றையொன்று முட்டி விளையாடின. அதில்தான் அவற்றுக்கு அதிக சந்தோஷம்.

விஷயம் கேள்விப்பட்டுப் பொன்னுத்தாய் அன்றைக்கே திரும்பி வந்தது. காலியான குகையில் நடுவில் படுத்து, இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் புரண்டது. “நீங்க தங்கம்ங்க” என்றது. அந்த மாதமே ஆண்குட்டி பிறந்தது. கதையை இங்கேயே நிறுத்தினால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போடுவார்கள்.

ஆனால் மழை முடிந்ததும் ஒரு பூநாரை வந்து இறங்கியது. பெயர் துரைசிங்கம். வெளிதேசத்திலிருந்து வருஷாவருஷம் வந்து போகிற பெரிய இடம்.

“பசும்பால்னு எழுதின தீயணைப்பு வண்டி உங்ககிட்ட இருக்குன்னு ஏரிக்கரையில ஒரு குரங்கு சொல்லுச்சு. நானும் இருபது தேசம் தேடிட்டேன். பிரிக்காமத்தானே வெச்சிருக்கீங்க?” பூநாரை குகைக்குள் எட்டிப் பார்த்தது. “மேற்குச் சரிவுல எங்க குடும்பத்துக்கு ஒரு தேன்பாறை இருக்கு. எனக்குச் சர்க்கரை, தேன் ஆகாது. பாறையை அப்படியே எடுத்துக்குங்க.”

சடையப்பன் அதைப் பன்றிகளின் சகதிக்குக் கூட்டிக்கொண்டு போனது. சேற்றில் ஒரு சிவப்புத் தகடு தெரிந்தது. அதில் ‘பசு’ மட்டும் மிச்சம். பூநாரை ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் இரண்டு காலையும் ஊன்றி அழுதது. சடையப்பனும் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதது.

பின்னாலேயே வந்திருந்த பொன்னுத்தாய் அழவில்லை.

“தேன்பாறையா? முழுப் பாறையுமா?”

“முழுப் பாறையும்” என்றது பூநாரை.

“ஏன்யா, நான்தான் கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனேன். உமக்குப் புத்தி வேணாம்? பொண்டாட்டி எங்க போயிடுவா, ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே இருந்தேன்!”

அன்று முதல் பொன்னுத்தாயே தேனடையோடு மலைப்பாதை வளைவுக்குப் போனது. குரங்கிடம் நன்றாகப் பேரம் பேசியது. குகை மறுபடியும் நிறைந்தது. இப்போது சடையப்பனும் வெளியே போய்த்தான் புரண்டு வந்தது.

ஒருநாள் குட்டி தவழ்ந்து வந்து ஒரு மஞ்சள் லாரிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தது. சடையப்பனுக்கு அந்த “மாமா, இது ஓடுது!” காதில் கேட்டது. மெல்ல நகத்தைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தது.

“தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்” என்றது பொன்னுத்தாய். லாரியைப் பிடுங்கி எட்டாத பாறையில் வைத்தது. குட்டி வீறிட்டு அழுதது.

“பிள்ளை அழுவுதுடி.”

“அழுவுற பிள்ளை தூங்கிடும். கிழிஞ்ச பெட்டி ஒட்டுமா?”

நீதி: குழந்தையின் சிரிப்புக்கு விலையே கிடையாது, ஆகவே, அதற்கு யாரும் ஒன்றும் தர மாட்டார்கள்.